உருட்டு மாப்பிள்ளையும் கறை பிடிக்காத மருந்தும்

என் தங்கையின் கணவரைக் கடைத்தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் உருட்டுதான். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர் செய்த தொழில். வெள்ளைத் துணி ஒன்றை மேசைமேல் விரித்து அதில் ஒரு கரண்டி காப்பியை ஊற்றுவார். காப்பி துணிக்குள் இறங்காது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நிற்கும். துணியின் ஓரத்தைத் தூக்கி அந்த முத்துக்களை இப்படியும் அப்படியும் உருட்டிக் காட்டிவிட்டு, கடைசியில் திரும்ப தம்ளருக்குள்ளேயே விட்டுவிடுவார். துணி முன்னைப்போலவே பளிச்சென்று இருக்கும். இரண்டாவது காரணம், அவர் வாய். மந்திரி வீட்டு சோபாவுக்கு மருந்து அடித்தது, நடிகை வீட்டுக் கம்பளத்தில் ஒரு குடம் மை கொட்டியும் பொட்டுக் கறை பிடிக்காதது என்று அவர் அளக்கிற கதைகளில் முக்கால்வாசி சொந்தச் சரக்கு.

நான் சோபா கடை வைத்திருக்கிறேன். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு வைத்து, புதுத் துணி போர்த்துவது என் வேலை. போர்த்திய துணியின்மேல் கறை பிடிக்காத மருந்து அடிப்பது மாப்பிள்ளை வேலை. மருந்து என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். இருபது லிட்டர் நீல கேனில் வரும். ஸ்பிரே துப்பாக்கியில் ஊற்றி, கம்ப்ரஸரை ஓடவிட்டு, பனி இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும். கடைக்குப் பின்னால் அதற்கென்று ஓர் அறை, அதில் ஒரே ஒரு ஜன்னல். ஈரத் துணியில் தூசி விழக் கூடாது என்று அந்த ஜன்னலையும் ஆணி அடித்து மூடியது நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏழு வருடம் அவர் அந்த அறையில் மருந்து அடித்தார். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அதுவும் பேச்சு வந்தால் கழுத்துக்கு இறங்கிவிடும். அவருக்குப் பேச்சு வராத நேரம் குறைவு. மருந்தின்மேல் அவருக்கு அப்படி ஒரு காதல். வீட்டுத் திரைச்சீலை, மேசை விரிப்பு, தங்கையின் கைப்பை, தன் சட்டை, செருப்பு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அடித்து வைத்திருந்தார். மழை கொட்டுகிற நாளில் நாங்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்து வந்தால், அவர் தலை மட்டும் நனைந்து, கழுத்துக்குக் கீழே இஸ்திரி கலையாமல் வந்து நிற்பார்.

என் தங்கை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அவளைக் கொண்டுபோய் மரத்தில் மோதப் பார்ப்பார்கள். அவள் முகம் மாறாது. அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது, அதை அமுக்கிவிட்டு, "மறுபடி முதல்லேருந்து" என்பாள். அந்த ஸ்கூல் கார்களின் சீட்டுக்கு மருந்து அடிக்கப் போனபோதுதான் மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். வழக்கம்போல் காப்பியை ஊற்றி உருட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "ஊத்தின காப்பி ஒண்ணும் வீணாகலையே, குடிச்சிடுங்க" என்றாளாம். குடித்துவிட்டார். அடுத்த வருடம் கல்யாணம்.

கல்யாணமாகி நாலு வருடம் ஓடிவிட்டது, குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் எங்கே பார்த்தாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று தங்கையின் வயிற்றைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவரைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை. தங்கை டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று வலிக்க வலிக்கப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரி என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, "அடுத்த தடவ வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைக்கு ஒரு வேலை வந்துவிடும். ஒருநாள் கம்ப்ரஸர் கெட்டுப்போகும். இன்னொரு நாள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

"எனக்கு என்ன கொறச்சல்? கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

தங்கை சண்டை போடுகிறவள் இல்லை. ஒருநாள் காலையில், "ஏங்க, ஒரு கிளினிக்ல வெயிட்டிங் ரூம் சோபா எல்லாம் கறையா கெடக்கு. மருந்து அடிக்கணுமாம். வந்து பாருங்க" என்றாள். வேலை என்றதும் மனிதருக்கு முதுகு சரியாகிவிட்டது. வெள்ளைத் துணி, கரண்டி, ஃபிளாஸ்க் நிறையக் காப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. தங்கை சொல்லிக் கேட்டது, ஆகவே உருட்டு கலக்காதது.

வரவேற்பு மேசையில் துணியை விரித்து அவர் காப்பியை உருட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். அறுபதை நெருங்குகிற வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி. காத்திருந்த நாலைந்து ஜோடிகளோடு சேர்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். எல்லாம் முடிந்ததும், "இதுல என்ன சேக்குறீங்க?" என்று கேட்டார்.

"அது கம்பெனி ரகசியம் மேடம்."

"ஃப்ளோரின் சமாச்சாரமா?"

"அப்படித்தான் ஏதோ கேன்ல பொடி எழுத்துல போட்டிருக்கும்."

"எத்தனை வருஷமா அடிக்கிறீங்க?"

"ஏழு வருஷம் மேடம். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்தது கெடையாது."

"உள்ள வாங்க. உங்க மனைவியும்தான்" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களையும் கருப்பைப் படங்களையும் சரியாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று தங்கை சொன்னாள்.

அன்று டாக்டரம்மா அவரிடம் வேலையைப் பற்றியே அரை மணி நேரம் விசாரித்தார். அறை எவ்வளவு பெரிசு, ஜன்னல் உண்டா, மூக்கில் என்ன கட்டுவீர்கள், கை கழுவாமல் சாப்பிடுவீர்களா. பிறகு உடம்பைப் பரிசோதித்துவிட்டு, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். அங்கேயே அதற்கு ஓர் அறை இருந்தது. மாப்பிள்ளை அதற்குள் போய் இருபது நிமிடம் கழித்துக் காலி டப்பாவோடு திரும்பி வந்தார். பக்கத்து அறையில் இரண்டு நர்ஸ்கள் பேசிக்கொண்டே இருந்தார்களாம்.

"பரவால்ல. மூணு நாள் கழிச்சு வீட்லேருந்தே எடுத்துட்டு வாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துடணும். குளிரக் கூடாது, சட்டைக்குள்ள வச்சு உடம்பு சூட்டுலயே கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

இதொன்றும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்துக் காலையில் ஒரு வீட்டுக்கு சோபா கொண்டுபோக வேண்டியிருந்தது. வழியில் மாப்பிள்ளையை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். போகிற வழியில் ஓரிடத்தில் இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். வேனில் ஏறினதிலிருந்தே ஆள் சரியாக இல்லை. இடது கையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும்விட, வாயைத் திறக்கவே இல்லை.

"மாப்ள, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல மச்சான். கொஞ்சம் சீக்கிரம் போங்க."

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. மேடு பள்ளத்துல கொஞ்சம் மெதுவா விடுங்க."

சீக்கிரமும் போக வேண்டும், மெதுவாகவும் விட வேண்டும். நெற்றியில் வேர்வை வேறு. இது மாரடைப்பேதான் என்று முடிவு கட்டி, சோபாவையும் மறந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். அவசரப் பிரிவு வாசலில் பிரேக் போட்டதுதான் தாமதம், இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை சீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையை இழுக்க, அவர் நெஞ்சை மறைக்க, ஸ்ட்ரெச்சர்க்காரர், "சார், ஒத்துழைக்கணும்" என்று காலைத் தூக்க, கடைசியில் அவர் என் காதைப் பிடித்து இழுத்து நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார்.

நான் ஸ்ட்ரெச்சர்க்காரரிடம், "தப்பான ஆஸ்பத்திரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கிளினிக்கை அடைந்தபோது டாக்டரம்மா சொன்ன ஒரு மணி நேரத்தில் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. அவர் இறங்கி ஓடினார், நான் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துச் சிரித்தேன். திரும்பி வந்தவரும் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அப்புறம்தான் பின்னால் சோபா இருப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

முடிவு கேட்கிற அன்று தங்கை வற்புறுத்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு மில்லி லிட்டருக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல விந்தணு இருக்கணும். உங்களுக்கு நாப்பது லட்சம்தான் இருக்கு."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பது லட்சம் பத்தாதா மேடம்? ஒண்ணுதானே வேணும்?"

"ஒண்ணு போதும்தான். ஆனா அது போக வேண்டிய தூரம் அதிகம். இந்த நாப்பது லட்சத்துல பாதி கெளம்பவே இல்ல. கெளம்பினதுல பாதி ஒரே இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு. வடிவமும் பலதுக்குச் சரியில்ல."

"கிளட்ச விடத் தெரியாத ஸ்டூடெண்ட் மாதிரி" என்றாள் தங்கை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

இன்னும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே கணக்குதான். அவருக்குப் புகைப்பழக்கம் இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை, விதைப்பையில் நரம்புச் சுருட்டல் இல்லை, கிருமி இல்லை. ஆண் ஹார்மோன் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வசதி உள்ளூரில் இல்லை, வெளியூருக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்து வந்த தாளில், சாதாரணமாக ஒருவர் உடம்பில் இருப்பதைப்போல் பல மடங்கு என்று இருந்தது.

"இந்த வகை ரசாயனம் தண்ணியையும் ஒட்டவிடாது, எண்ணெயையும் ஒட்டவிடாது, வெயில்லயும் அழியாது. அதனாலதான் கறை பிடிக்கிறதில்ல" என்று டாக்டரம்மா விளக்கினார். "உடம்புக்குள்ள போனாலும் அதே பிடிவாதம்தான். இந்தக் குடும்பத்துல சிலது ரத்தத்துல இருக்குற புரதத்தோட சேந்துக்கிட்டு வருஷக்கணக்கா சுத்தும். துணியில எதையும் ஒட்டவிடாதது உங்க உடம்புல நல்லாவே ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அதனாலதான் எனக்கு இப்படியா?"

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். இது கூடுதலா இருக்குற ஆம்பளைங்களுக்கு விந்தணு கொறையுது, ஓட்டம் கொறையுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அப்படி ஒண்ணும் தெரியலன்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு. உங்க விஷயத்துல வேற காரணம் எதுவும் என் கண்ணுல படல. நீங்க தினமும் மூடின ரூம்ல இதைத்தான் சுவாசிக்கிறீங்க. நம்ம கையில இருக்கிறத முதல்ல செய்வோம். அந்த ரூமுக்குள்ள இனிமே போகாதீங்க."

வீடு திரும்புகிற வழியில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தங்கை எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா எல்லாரும் இவளத்தான் பாத்தாங்க மச்சான். நானும் வாயத் தொறக்கல. மத்தவங்களோட சேந்து நானும் இவளத்தான் பாத்தேன்" என்றார்.

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷத்துல எனக்கு இருபத்திமூணு ஊசி. உங்களுக்கு ரெண்டு டப்பா. அதுக்கே இந்த அலப்பறையா? எழுந்திருங்க, அந்தத் திரைச்சீலைய எல்லாம் கழட்டணும்."

அவர் எழுந்தார். வீட்டில் மருந்து அடித்த துணிகள் அத்தனையும் மூட்டை கட்டப்பட்டன. மேசை விரிப்பு போனபிறகு பார்த்தால் அடியில் மேசை நல்ல மரமாக இருந்தது. அதை அவர்கள் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்ததே இல்லை.

கடைக்கு மருந்து சப்ளை செய்கிற ஏஜெண்ட் மாதா மாதம் வருவார். டை கட்டி, தோல் பை வைத்திருப்பார். அந்த மாதம் மாப்பிள்ளை அவரை நிற்கவைத்து, இதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் வேண்டும் என்று கேட்டார்.

"கொழந்தைங்க புரள்ற சோபாவுக்கே அடிக்கிறோம் சார். நீங்க போய் பயப்படலாமா?"

"காஞ்ச சோபாவுல புரள்றது வேற. ஈரத்துல நின்னு ஏழு வருஷம் குடிக்கிறது வேற. பேப்பர் குடுங்க."

இரண்டு வாரம் இழுத்தடித்துப் பதினோரு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு கேனோடும் அது வந்திருக்க வேண்டியதாம். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது. நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும். தெளிப்பை முகர வேண்டாம். வடிகட்டி பொருத்திய முகமூடியும் கையுறையும் அணியவும்.

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நான் அடித்த ஆணி ஒவ்வொன்றையும் நானே பிடுங்கினேன். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க மச்சான்."

"தெரிஞ்சுக்கலாம்னு ஒரு நாள் கூடத் தோணலையே மாப்ள."

"எனக்கும்தான் தோணல" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு குறடு எடுத்துக்கொண்டு வந்தார்.

அதோடு எங்கள் கடையில் மருந்து நின்றது. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் கறை பிடிக்காத சோபா வேண்டும் என்றுதான் வருவார்கள். அவர்களை என்ன செய்வது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஜிப் வைத்த உறை தைக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் அவர் தைத்த உறையை மாட்டினால் சோபாவுக்குச் சுளுக்கு வந்ததுபோல் இருக்கும். போகப் போகக் கை படிந்தது. பிறகு பழையபடி வெள்ளைத் துணியை மேசையில் விரிக்க ஆரம்பித்தார். காப்பியை ஊற்றுவார். காப்பி சாவகாசமாகத் துணிக்குள் இறங்கும். பார்க்கிறவர்கள் அடுத்து என்ன என்று காத்திருப்பார்கள்.

"கறை புடிச்சிடுச்சு" என்பார். "புடிக்கத்தான் செய்யும். இதோ ஜிப். கழட்டி, தொவைச்சு, மாட்டிக்குங்க."

ஜனங்கள் சிரித்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லியும் விற்க முடிகிறது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவர் மனசில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. கார் சீட்டுக்கு, கம்பளத்துக்கு, ஷூவுக்கு, மழைக்கோட்டுக்கு என்று இதே மருந்தை அடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். எல்லாரும் பழக்கமானவர்கள். ஒவ்வொருவர் கடையாகப் போய்ச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அவர் வாயால் வந்த சேதி ஆயிற்றே. "என்ன உருட்டு, புது உருட்டா?" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள். பொய்யெல்லாம் பிரமாதமாக எடுபட்ட மனிதருக்கு, முதல் முதலாகச் சொன்ன உண்மை விலைபோகவில்லை. என்னிடம் வந்து புலம்பினார்.

"மச்சான், அந்த மந்திரி வீட்டு சோபாவ எல்லாரும் நம்பினாங்க."

எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, ஓட்டை மைக், பிஸ்கட். அந்தத் தடவை தலைவர் பேசி முடித்ததும் மாப்பிள்ளை எழுந்து முன்னால் போனார். கையில் துணியும் இல்லை, காப்பியும் இல்லை. இரண்டு தாள் மட்டும் இருந்தது. தங்கையும் வந்திருந்தாள். அவரைக் காரில் கொண்டுவந்து விட்டதே அவள்தான்.

"நான் வழக்கமா என்ன பேசுவேன்னு உங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். "இன்னிக்குப் பேசல. படிக்கிறேன். இத எழுதினது நான் இல்ல, லேப்காரங்க."

படித்தார். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம், ரத்தத்தில் மருந்தின் அளவு என்று ஒன்றுவிடாமல் மைக்கில் படித்தார். பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மாப்பிள்ளை நிறுத்தி, "சிரிங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு. நாப்பது லட்சம் பேர வச்சுக்கிட்டு ஒரு வேலையும் நடக்கல" என்றார். இப்போது கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னார். இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. ஏழாம் பக்கத்தை எடுத்த நூறு பிரதி தங்கையின் பையில் இருந்தது, அதை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார்.

"நாலு வருஷம் என் வீட்டுக்காரி ஊசி போட்டுக்கிட்டா. ஒரு தடவ நான் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. அது மட்டும்தான் நான் சொல்ல வந்தது" என்று முடித்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

யாரும் கை தட்டவில்லை. தாளைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிஸ்கட் நேரத்தில் கார் சீட்டு வேலை செய்கிற, பீப்பாய் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் மெதுவாக எங்கள் பக்கம் வந்தார். அவர் வந்து நின்றால் வெளிச்சம் மறையும், அத்தனை பெரிய உடம்பு. இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, "அந்த கிளினிக் எங்க இருக்கு?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாப்பிள்ளை.

"அந்த ரூம்ல... பக்கத்துல ஆளுங்க பேசுவாங்களா?"

"பேசுவாங்க. வீட்லேருந்து எடுத்துட்டுப் போகலாம். ஆனா என் மச்சான் வண்டியில மட்டும் போகாதீங்க."

அந்த மாதத்தில் பீப்பாயையும் சேர்த்து ஏழு பேர் போனார்கள். மூன்று பேருக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஒருவருக்கு நரம்புச் சுருட்டல், சின்ன ஆபரேஷன். மீதி மூன்று பேருக்கு ஒரு குறையும் இல்லை. பீப்பாய்க்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. அவர் மனைவிக்குத் தைராய்டு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா மாப்பிள்ளையிடம், "ஏழு பேர வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனா ஏழு ஆம்பளைங்கள ஒரே மாசத்துல இந்தப் படியேற வச்சீங்களே, அது என்னால முப்பது வருஷமா முடியல" என்றாராம். சங்கத்தில் வடிகட்டி முகமூடியும் காற்று இழுக்கிற மின்விசிறியும் இல்லாமல் யாரும் ஸ்பிரே அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சிலர் எங்களைப்போல மருந்தையே விட்டுவிட்டார்கள். சிலர் ஃப்ளோரின் இல்லாத வேறு சரக்குக்கு மாறினார்கள். அதில் காப்பி அவ்வளவு அழகாக உருளாது என்று மாப்பிள்ளை சொன்னார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் டெஸ்ட் கொடுத்தார். முதல் தடவை நாற்பத்திரண்டு லட்சம் என்று வந்ததற்கு வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு லட்சம் கூடியிருக்கு மச்சான்." அப்படி வித்தியாசம் வருவதும் போவதும் சகஜம் என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் எழுபது ஆனது. இன்னொரு ஆறு மாதத்தில் கோடியைத் தாண்டியது. ஓட்டமும் தேறியது. ரத்தத்தில் மருந்து குறைந்திருந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. அதற்கு இன்னும் சில வருடம் பிடிக்கும் என்றார்கள்.

அதற்குள் தங்கைக்கு வயசு முப்பத்தைந்து. டாக்டரம்மா ஒரு சின்ன உதவி செய்யலாம் என்றார். நன்றாக ஓடுகிற அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து உள்ளே கொண்டுபோய் விடுவது. முதல் தடவை பலிக்கவில்லை. இரண்டாம் தடவையும் பலிக்கவில்லை. அந்த வாரம் தங்கை வேலைக்குப் போய், ஒரு மாணவன் சுவரில் மோதப்போனபோது பிரேக் போட மறந்துவிட்டாள். காருக்கு விளக்கு போனது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அவளை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கதை அளந்தார். எதுவும் உண்மையில்லை. அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள் என்றார்.

மூன்றாம் தடவை கரு நின்றது.

"மருந்த விட்டதாலயா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுவா, நாங்க செஞ்ச உதவியா, இல்ல தானாவே அமைஞ்சதான்னு என்னால சொல்ல முடியாது. உங்களாலயும் முடியாது" என்றாராம் டாக்டரம்மா. "ஆனா வெளியில போய் நீங்க ஏதாவது சொல்லுவீங்க, அது எனக்குத் தெரியும்."

பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதியம் ஆகியிருந்தது. தங்கை கட்டிலில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தொட்டில் காலியாக இருந்தது. நான் பதறிப்போய்ப் பார்த்தேன். அவள் வாய் நிறைய ரொட்டியோடு வராந்தாவைக் காட்டினாள்.

"ரெண்டு மணி நேரமா நடந்துக்கிட்டே இருக்காரு அண்ணா. கொஞ்சம் உக்காரச் சொல்லு. கால் ஓஞ்சிடும்."

வராந்தாவில் மாப்பிள்ளை துணிச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டார். பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம், இந்தக் குழந்தை பிறந்தவுடனே தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உக்காருங்க" என்றேன்.

"உக்காந்தா முழிச்சுக்கிறா மச்சான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, வராந்தாவின் அடுத்த கோடிக்கு நடந்தார்.